எனக்கு முன்னால் பழனி போன பெட்டி

ஒலவக்கோடு ஜங்ஷன் பார்சல் ஆபீசில் நான் குமாஸ்தாவாகச் சேர்ந்தபோது, அந்த ஸ்டேஷனைவிடப் பெரிய இடம் உலகத்தில் இல்லை என்று நினைத்திருந்தேன். எருத்தேன்பதிக் காட்டில் மாடு ஓட்டியவனுக்கு வேறு எப்படித் தோன்றும்? அகலத் தண்டவாளம் ஒரு பக்கம் மதராசுக்கும் மறுபக்கம் மங்களூருக்கும் போகும். குறுகலானது பொள்ளாச்சி வழியாகப் பழனிக்கு. இரண்டு வண்டிகளும் ஒரே சமயத்தில் வந்துவிட்டால் பலாப்பழம், கோழிக்கூடை, வெற்றிலைக் கட்டு, புதுநகரத்து ராவுத்தர்களின் துணிமூட்டை எல்லாம் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு ஏறும். என் வெள்ளை வேட்டி அரை மணியில் கரிவேட்டியாகிவிடும். அந்த இரைச்சல் எனக்கு அவ்வளவு பிடிக்கும்.

பிடிக்காதது ஒன்றுதான்: எங்கள் ஜனங்களின் பரஸ்தானம். வண்டி ராகு காலத்தில் புறப்படுவதாக இருந்தால், நல்ல நேரத்திலேயே பெட்டியை மட்டும் கொண்டுவந்து ஸ்டேஷனில் வைத்துவிட்டு வீட்டுக்குப் போய்விடுவார்கள். பெட்டி கிளம்பிவிட்டால் ஆளே கிளம்பியதாக அர்த்தம். மணியடிக்கத் தொங்கவிட்ட தண்டவாளத் துண்டுக்கு அடியில், கேட்க நாதியில்லாமல் எப்போதும் நாலு மூட்டை கிடக்கும்.

ஒருநாள் அப்படிக் கிடந்த டிரங்குப் பெட்டியில் இடித்து என் கால் நகம் பெயர்ந்தது. போர்ட்டரைக் கூப்பிட்டுக் கத்தினேன்.

"இனிமே மணிக்குக் கீழ எது கெடந்தாலும், சீட்டுல ஊர்ப்பேரு இருந்தா அந்த ஊர் வண்டியில ஏத்தி உட்ரு! யாரு என்னன்னு கேக்காதே!"

அடுத்த மாதம் எனக்குக் கல்யாணம். பழனியில், வெள்ளிக்கிழமை காலை முகூர்த்தம். வியாழக்கிழமை மத்தியானம் இரண்டு மணி வண்டிக்குப் போவதாக ஏற்பாடு. குளித்து, உடுத்தி, அம்மாவோடு ஸ்டேஷனுக்குள் நுழைந்தேன். அம்மா நேராக அந்த மணிக்குக் கீழே போய் நின்றாள்.

"ஏன்டா, நம்ம பெட்டி எங்கடா?"

இரண்டு மணி ராகு காலமாயிற்றே என்று, நான் தூங்கிக்கொண்டிருந்தபோதே, விடியற்காலை நல்ல நேரம் பார்த்து, மஞ்சள் பூசிய பெட்டியில் என் பெயரையும் பழனியையும் எழுதி ஒட்டி அங்கே வைத்துவிட்டுப் போயிருக்கிறாள். போர்ட்டர் சிரித்துக்கொண்டே வந்தான்.

"காலை வண்டியில ஏத்தியாச்சு சாரே. கேக்காதேன்னு நீங்கதானே சொன்னது?"

"அடப்பாவி! தாலி அதுலதான்டா இருக்குது!" என்று அம்மா தலையில் கைவைத்தாள்.

பழனி ஸ்டேஷனுக்குத் தந்தி கொடுத்தோம். பதில் வருவதற்குள் எங்கள் வண்டி நகர்ந்துவிட்டது. விடிந்தால் முகூர்த்தம்; கையில் தாலி இல்லை. புதுநகரம், கொல்லங்கோடு, பொள்ளாச்சி என்று ஒவ்வொரு ஸ்டேஷனிலும் இறங்கி, பெட்டி இறங்கிக் கிடக்கிறதா என்று பார்த்தேன். அம்மா வழிநெடுக என்னைத் திட்டினாள். திட்டாதிருந்தால் அழுதிருப்பேன்.

பொழுது சாயும் நேரத்தில் பழனி. பிளாட்பாரத்தில் பெண் வீட்டார் வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் காலை வண்டியில் பொள்ளாச்சியில் ஏறி வந்தவர்கள். நடுவில், மஞ்சள் பூசிய பெட்டிமேல் கல்யாணப் பெண்! பெண் பார்க்கப் போனபோது நிமிர்ந்துகூடப் பார்க்காதவள். பெட்டி இறங்கியதும் என் பெயரைப் படித்துவிட்டாளாம். ரசீது இல்லாமல் தரமாட்டோம் என்றார்களாம் ஸ்டேஷன்காரர்கள். அப்படியானால் உரியவர் வரும்வரை எழுந்திருக்க மாட்டேன் என்று அதன்மேல் உட்கார்ந்தவள், மத்தியானச் சோற்றையும் அங்கேயே சாப்பிட்டிருக்கிறாள். அம்மா ஓடிப்போய் அவள் கன்னத்தை வழித்து நெட்டி முறித்தாள். எனக்குச் சந்தோஷத்தில் சிரிப்பா அழுகையா என்றே தெரியவில்லை.

அவள் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, முதன்முதலாக என்னிடம் பேசினாள்.

"ஏனுங்க, பெட்டி நல்ல நேரத்துல கெளம்பி வந்துருச்சுங்க. நீங்கதான் ராகு காலத்துல கெளம்பி வந்திருக்கறீங்க. பரவால்லீங்க, உங்களையும் சேத்தியே எடுத்துக்கறனுங்க."