காணிக்கைப் பானையில் இரண்டாவது கைப்பிடி

அன்பான சபையாரே, என் வலது காலின் பெருவிரல் இன்றைக்கும் என்னோடுதான் இருக்கிறது. அதற்காக ஆண்டவருக்கு நன்றி சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

புதுத் துறைமுகத்துக்குக் கப்பல்கள் வரத் தொடங்கிய மறுவருஷம், அந்த விரலில் செருப்புக் கடித்துப் புண்ணானது. நான் பெண்கள் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். நாள் முழுவதும் நின்று பாடம் நடத்துகிறவள். சர்க்கரை வியாதி முன்பே இருந்தது. புண் ஆறவில்லை, கறுக்கத் தொடங்கியது. டாக்டரம்மா பார்த்துவிட்டு, "சர்க்கரை இறங்கலன்னா விரலை எடுக்கவேண்டி வரும் டீச்சர். விரலோட நிக்கும்னும் சொல்ல முடியாது" என்றார். வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். அழுது முடித்ததும் பசித்தது. தட்டு நிறையச் சோறு போட்டு, மீன்குழம்பு ஊற்றிச் சாப்பிட்டேன்.

சிரிக்காதீர்கள். எதைச் சாப்பிடக் கூடாது என்று எனக்குத் தெரியாமலா? கேட்டால் பத்துப் பேருக்குச் சொல்லிக்கொடுப்பேன். தெரிவது வேறு, மனசு வருவது வேறு. நாத்தனார் திட்டினாள். போதகர் வீடு தேடி வந்து புத்தி சொன்னார். கூட வேலை பார்க்கிற ஒருத்தி, கால் போன தன் மாமாவின் கதையை ஒன்று விடாமல் சொன்னாள். யார் பயமுறுத்தினாலும் அன்றைக்கு எனக்கு ஒரு கரண்டி சோறு கூடுதலாக இறங்கும். பயம் வந்தால் பசிக்கிற ஜாதி நான்.

என் வீட்டுக்காரர் மட்டும் ஒன்றும் சொல்லவில்லை. துறைமுகத்தில் கப்பல் சரக்கை எண்ணிக் குறிக்கிற வேலை அவருக்கு. சாயங்காலம் வந்ததும் வெந்நீர் வைத்து, என் காலை மடியில் எடுத்துப் புண்ணைக் கழுவிக் கட்டுவார். "வலிக்கா டீச்சர்?" என்பதற்கு மேல் பேச்சில்லை. வீட்டிலும் அவருக்கு நான் டீச்சர்தான், அது அவருடைய கேலி. சிறுநீரைக் கண்ணாடிக் குழாயில் மருந்தோடு காய்ச்சிச் சர்க்கரை பார்ப்பதும் அவரே. சர்க்கரை இல்லாவிட்டால் நீலம், ஏற ஏறச் செங்கல் நிறம். எனக்கு எப்போதும் செங்கல்தான். அவர் நிறத்தைச் சொல்லாமல் கொட்டிவிடுவார். நானும் கேட்க மாட்டேன்.

"ஆண்டவரே, இந்த வியாதியை எடுத்துப் போடும்" என்று ஜெபித்துக்கொண்டே இருந்தேன். பெரிய வெள்ளி வந்தது. பன்னிரண்டிலிருந்து மூன்று மணிவரை நடக்கிற மும்மணி ஆராதனை முடிகிற வரை நாம் பச்சைத் தண்ணீர்கூடக் குடிப்பதில்லை. விரலுக்காக நானும் உபவாசம் இருந்தேன். ஆனால் காலையில் சர்க்கரை மாத்திரையை மட்டும் விழுங்கிவிட்டுப் போனேன். மாத்திரை சோறில்லையே, உபவாசம் முறியாது என்பது கணக்கு டீச்சர் போட்ட கணக்கு.

ஆராதனை நடுவில் வியர்த்துக் கொட்டியது. வெறும் வயிற்றில் போட்ட மாத்திரை சர்க்கரையை ஒரேயடியாக இறக்கிவிட்டது. பக்கத்தில் இருந்தவர்கள் மேல் சரிந்துவிட்டேன். தெளிந்தபோது யாரோ கருப்பட்டித் தண்ணீர் புகட்டிக்கொண்டிருந்தார்கள். என் தலை வீட்டுக்காரர் மடியில் இருந்தது. நாலு பேர் முன்னால் நிற்கவே கூச்சப்படுகிற மனுஷன், ஆண்கள் பக்கத்திலிருந்து ஓடி வந்து பெண்கள் நடுவில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தார். "நீ போயிட்டன்னா நான் யாரு காலக் கழுவுவேன் டீச்சர்?" என்றார்.

அன்று சாயங்காலம் ஜெபத்தை மாற்றினேன். "ஆண்டவரே, டாக்டர் சொல்வதைச் செய்ய எனக்கு மனசில்லை. அந்த மனசை நீர்தான் தரவேண்டும்" என்று உள்ளதைச் சொல்லிவிட்டேன்.

ஈஸ்டருக்கு மறுநாள் காலை, சோற்றுக்கு அரிசி அளந்தேன். நம் வழக்கம் உங்களுக்குத் தெரியும். களைவதற்கு முன் ஒரு கைப்பிடி எடுத்துக் காணிக்கைப் பானையில் போடுவோம். சபை அதைச் சேர்த்து இல்லாத வீடுகளுக்குக் கொடுக்கும். நானும் போட்டேன். குரல் ஒன்றும் கேட்கவில்லை, வெளிச்சம் ஒன்றும் தெரியவில்லை. கை மட்டும் மறுபடியும் அரிசிக்குள் போனது. நான் இரண்டாம் தடவை வாங்கிச் சாப்பிடுகிற சோற்றுக்கான அரிசி அது. அதையும் பானையில் போட்டேன்.

"இன்னைக்குச் சோறு கொறவா இருக்கே?" என்று வீட்டுக்காரர் கேட்டார்.

"ஒங்களுக்கு உள்ளது இருக்கு. எனக்கு உள்ளதுல ஆண்டவருக்குக் கொடுத்துட்டேன்."

அவர் என்னைப் பார்த்தார். பிறகு முருங்கைக்கீரையை என் தட்டில் அள்ளி வைத்தார்.

பிறர் பிடுங்கினால் எனக்குக் கோபம் வரும். நானே கொடுத்ததற்கு யாரிடம் கோபப்படுவது? பசித்த பிறகு என்னோடு மல்லுக்கட்டி நான் ஜெயித்ததே இல்லை. பசி வருவதற்கு முன், அரிசிப் பெட்டி முன்னால் நிற்கும்போது நான் கொஞ்சம் நல்லவள். அந்த நேரம் பார்த்து ஆண்டவர் என்னைப் பிடித்துக்கொண்டார்.

நடுவில் வழுக்கவும் செய்தேன். சாத்தான்குளத்தில் ஒரு கல்யாணம். பாயசத்தைக் கண்டதும் எல்லாம் மறந்துபோயிற்று. திரும்பி வந்து, இனி என்னால் முடியாது என்று அழுதேன். வீட்டுக்காரர், "நாளைக்கும் ஒல வைக்கணும்லா, அப்பப் பாத்துக்கிடலாம்" என்றார். மறுநாளும் உலை வைத்தேன். இரண்டாவது கைப்பிடியும் பானைக்குப் போனது.

செங்கல் நிறம் மஞ்சளாயிற்று, பச்சையாயிற்று. ஒருநாள் அவர் குழாயை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துக்கொண்டு, "டீச்சர், இங்கன வந்து பாரு" என்று கூப்பிட்டார். நீலம். டாக்டரம்மா மாத்திரையைக் குறைத்தார். மழைக்காலம் முடிவதற்குள் புண் மூடிவிட்டது.

அந்தக் கிறிஸ்துமஸுக்கு, அரிசி கொடுக்கப் போன பெண்களோடு நானும் நடந்தே போனேன். அரிசி வாங்குகிறவர்களில் ஒருத்தி அன்னத்தாய், உப்பளத்தில் உப்புச் சுமந்து சுமந்து இடுப்பொடிந்தவள், தனிக்கட்டை. எந்த வீட்டு அரிசி என்று சபை யாருக்கும் சொல்வதில்லை. அவள் குனிந்து என் காலைப் பார்த்தாள்.

"சொகமாயிட்டா டீச்சரம்மா? ஈஸ்டர்ல இருந்து அரிசி கொஞ்சம் கூடுதலா வருது. இப்ப ராவுக்கும் கஞ்சி வச்சுக் குடிக்கேன். நீங்க கோயில்ல விழுந்தத நானும் பாத்தேம்லா? கஞ்சி குடிக்கதுக்கு முன்னால ஒங்க காலுக்காவத்தான் ஜெபம் பண்ணுதேன்."

அவள் கையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

சர்க்கரையோடு போராடுகிற என் பிரியமானவர்களே, மாத்திரையை விடாதீர்கள். டாக்டரைக் கேட்காமல் உபவாசம் இருக்காதீர்கள். மனசு வரவில்லையென்றால், வரவில்லை என்றே ஆண்டவரிடம் சொல்லுங்கள். அவர் கோபித்துக்கொள்ள மாட்டார். இந்நேரம் உங்களுக்காகவும் யாரோ ஒருவர், கஞ்சியை முன்னால் வைத்துக்கொண்டு, குடிக்காமல் கண்ணை மூடியிருக்கிறார்.