அதே திகதியில் அப்பாவும்

தொண்ணூற்றோராம் ஆண்டு கோப்பாயில் நடந்தது இது. குருநகரிலிருந்து இடம்பெயர்ந்து வந்த ஒரு தாயும் மகளும் எங்களுக்கு அடுத்த வளவில் இருந்தார்கள். மீன்பிடிக்கப் போன தகப்பன் அதற்கு முந்தின வருடம் கடலில் துப்பாக்கிச் சூடுபட்டு இறந்தவர் என்று மட்டும் தெரியும். அந்தப் பிள்ளையும் என் மகளும் ஒரே வகுப்பு.

தோழியின் பிறந்தநாளுக்கு என் மகள் ஓர் அட்டை செய்தாள். அந்தத் திகதியில் பிறந்த பெரியவர்கள், முடிந்த போர்கள், முதன்முதலாகப் பறந்த விமானம் என்று பழைய பத்திரிகைகளில் தேடி, வர்ணப் பென்சிலால் எழுதியிருந்தாள். நானும் கேசரி எடுத்துக்கொண்டு கூடப் போனேன்.

என் மகள் வாசலில் நின்றே முழுவதையும் வாசித்தாள். "உன்ரை பேரையும் கடைசியிலை போட்டிருக்கிறன். பெரிய ஆளாய் வந்தாப்பிறகு என்னைத் தெரியாத மாதிரிப் போகாதை" என்றாள்.

அந்தப் பிள்ளை சிரிக்கவில்லை. "என்ரை அப்பாவையும் எழுதடி. அவர் செத்ததும் இந்தத் திகதிதான்."

சைவக்காரரான நாங்கள் பிறந்தநாளை நட்சத்திரம் பார்த்தும் திவசத்தைத் திதி பார்த்தும் செய்வோம். திகதி வருடத்துக்கு வருடம் மாறும். அவர்கள் வேதக்காரர், கிறிஸ்தவர்கள். அவர்களுக்கு இரண்டும் எந்த வருடமும் ஒரே நாளில்தான் வந்து நிற்கும். அதுவரை அது என் புத்திக்கு எட்டவேயில்லை.

பிள்ளை குனிந்துகொண்டு சொன்னாள்: "எனக்குச் சட்டை வாங்கத்தான் கடலுக்குப் போனவர். நான் கேட்டபடியால்தான்."

கறுப்புச் சேலையோடு தேவாலயப் பூசைக்குப் புறப்பட்டு நின்ற தாய் அப்படியே நிலத்தில் இருந்துவிட்டார். "ஆர் பிள்ளை உனக்கு உப்பிடிச் சொன்னது?"

"ஒருத்தரும் சொல்லேல்லை."

தாய் எழும்பி உள்ளே போனார். பெட்டிக்குள் இருந்து ஒரு மஞ்சள் சட்டையை எடுத்துவந்தார். "இது உன்ரை அப்பா சாகிறதுக்கு முதல் கிழமையே வாங்கினது. எனக்குப் பார்க்கேலாமல் ஒளிச்சு வைச்சனான். அண்டைக்கு அவர் போனது எல்லா நாளும் போற மாதிரித்தான். உன்னாலை இல்லை, ராசாத்தி."

ஒரு வருடத்தில் பிள்ளை வளர்ந்துவிட்டாள். தாய் போட்டுவிட்டபோது முதுகுப் பொத்தான்கள் எட்டவில்லை.

"இறுக்குதம்மா."

"இறுக்கட்டும். கோயிலுக்கு இதோடையே வா" என்று தாய் முதுகில் சட்டை ஊசி குத்திச் சேர்த்துவிட்டார்.

பிள்ளைகளே, பெரியவர்கள் நாங்கள் அழுகிற அழுகையில் உங்களோடு கதைக்க மறந்துவிடுகிறோம். அதன்பிறகு எந்தச் செத்தவீட்டுக்குப் போனாலும், அந்த வீட்டுப் பிள்ளைக்குப் பக்கத்தில் முதலில் போய் இருந்து, "இது உன்னாலை நடந்ததில்லை" என்று சொல்லிவிட்டுத்தான் எழும்புகிறேன்.