நான் வாபஸ் வாங்கிய சாட்சி

கிறீச்.

ஊசி மருந்து கலக்கும் தண்ணீர்க் குப்பியின் கண்ணாடிக் கழுத்தைச் சின்ன அரத்தால் கீறும் சத்தம் அது. அடுத்து ஒரு சொடக்கு, கழுத்து ஒடியும். பிறகு ஸ்பிரிட் வாடை. இன்றைக்கும் எதிர்வீட்டில் யாராவது கத்தி தீட்டினால் போதும், என் இடுப்பு தானாகச் சுருங்கிக்கொள்கிறது. மனசை ஏமாற்றலாம். ஊசி வாங்கிய இடுப்பை ஏமாற்ற முடியாது.

என் பெயர் சாராள். நாற்பத்தேழு வயது. தல்லாகுளத்தில் ஒரு அரசாங்க அலுவலகத்தில் தட்டச்சர். கர்த்தர் எனக்குச் செய்த நன்மையைத்தான் சொல்லப்போகிறேன். ஆனால் அன்பானவர்களே, நீங்கள் கேட்டுப் பழகிய மாதிரி இது இருக்காது. நடுவில் உங்களுக்குக் கோபம் வந்தால் கோபப்பட்டுக்கொள்ளுங்கள். நானும் கோபத்தில்தான் ஜெபித்தேன்.

எழுபத்தெட்டாம் வருடம், பங்குனி வெயில். நாலு பிரதி அடித்துக்கொண்டிருந்தேன். ஒரு இருமல். மேல் தாளில், தேதிக்குப் பக்கத்தில், ஒரு சிவப்புப் பொட்டு. ரிப்பனின் சிவப்புப் பக்கம் ஏறிவிட்டது என்று நினைத்து விசையைத் தட்டிப் பார்த்தேன். ரிப்பன் சரியாகத்தான் இருந்தது.

காசம். டாக்டர் எக்ஸ்ரே படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, வலது நெஞ்சில் மேலாக ஒரு ஓட்டையைக் காட்டினார். தினமும் ஊசி. ஒன்றரை வருடம் மாத்திரை. ஒரு நாள்கூட விடக்கூடாது என்றார். அலுவலகத்தில் என் தம்ளரைத் தனியாக எடுத்து வைத்தார்கள். பிறகு நாற்காலியை. பிறகு பேச்சையும்.

என் பக்கத்தில் உட்காரப் பயப்படாதவர் ஆசீர் அண்ணன் ஒருவர்தான். மிஷன் பள்ளியில் டிராயிங் மாஸ்டர். எங்கள் தெருவில், அவர் வீட்டு மச்சில், சனிக்கிழமை மூன்று மணிக்கு ஜெபக்கூட்டம் நடத்துவார். நான் படுத்துக் கிடந்த நாட்களில் அவர் வீட்டிலிருந்துதான் கஞ்சி வந்தது. என் நெற்றியில் கை வைத்து, இருமல் முகத்தில் தெறித்தாலும் கையை எடுக்காமல் ஜெபித்த மனிதர் அவர். இதை எழுதாமல் மீதியை எழுதினால் அது அநியாயம்.

அந்த மச்சில் ஒரு பழக்கம் இருந்தது. கேட்டது கிடைத்த பிறகு சாட்சி சொல்வது சாதாரண விசுவாசம். கிடைக்கும் முன்பே கிடைத்துவிட்டது என்று எழுந்து நின்று சொல்வது உயர்ந்த விசுவாசம். நோய் என்றால், தன் மருந்தைக் கொண்டு வந்து நடுவில் இருக்கும் முக்காலியில் வைத்துவிட்டுத்தான் வாயைத் திறக்க வேண்டும்.

ஐந்து மாதத்தில் எனக்கு இருமல் நின்றது. கன்னம் திரும்பியது. ரவிக்கை பிடித்தது. ஆசீர் அண்ணன் சந்தோஷத்தோடு கேட்டார்: "கர்த்தர் சொகம் குடுத்தது தெரியுதுல்ல? பொறகு மாத்திரையைக் கையில வச்சிக்கிட்டு எப்படிம்மா சாட்சி சொல்லுவ?"

என் வீட்டுக்காரர் செல்லையா டி. கல்லுப்பட்டிப் பக்கத்தில் விவசாயம் பார்க்கும் சம்சாரி வீட்டுப் பிள்ளை. சிம்மக்கல்லில் ஒரு மொத்த வியாபாரக் கடையில் சரக்கு இறக்குவதைப் பார்த்துக்கொள்கிறவர். என்னைக் கட்டிக்கொள்வதற்காக ஞானஸ்நானம் எடுத்தவர். அடுத்த சனிக்கிழமை கூட்டத்துக்குக் கிளம்பி, மாத்திரைப் பொட்டலத்தை நான் பையில் வைக்கும்போது வாசலில் நின்று சொன்னார்: "ஏ புள்ள, ஒரு மழை பேஞ்சிருச்சின்னு பயிருக்குத் தண்ணி பாய்ச்சுறத நிப்பாட்டுவாகளா?"

"ஒங்களுக்கு விசுவாசம் பத்தாது" என்றேன்.

"எனக்குப் பத்தாதுதேன். அதுக்குத்தேன் ஒன்னையப் பத்திரமா வச்சிக்கிடப் பாக்குறேன்" என்றார்.

நான் போனேன். முக்காலியில் பொட்டலத்தை வைத்தேன். பேசினேன். ஐயோ, என்ன அழகாகப் பேசினேன்! என் நெஞ்சின் ஓட்டையைக் கர்த்தர் தம் விரலால் மூடினார் என்றேன். தாய்மார்கள் அழுதார்கள். ஸ்தோத்திரம் ஸ்தோத்திரம் என்று மச்சு அதிர்ந்தது. மாதக்கணக்கில் என் தம்ளரைத் தொடாத உலகத்தில், முப்பது பேர் என்னைக் கட்டிப் பிடித்தார்கள். அந்தக் கைகளுக்காகத்தான் அந்த வாக்கியங்களை அடுக்கினேன். கர்த்தருக்காகத்தான் என்று அப்போது நினைத்துக்கொண்டேன்.

தை மாதக் கடைசியில் மறுபடியும் ரத்தம். இந்த முறை பொட்டு இல்லை, கைக்குட்டை நிறைய.

செல்லையா சட்டையை மாட்டினார். "கெளம்பு, ஆஸ்பத்திரிக்கு."

நான் போகவில்லை. ஒரு வாரம் போகவில்லை. ஆஸ்பத்திரிக் கியூவில் எங்கள் தெரு ஆள் யாராவது என்னைப் பார்த்தால்? சாராள் சாட்சி பொய் என்று ஆகிவிடுமே. கர்த்தருக்கு அவமானமாகிவிடுமே. ஆசீர் அண்ணன் வந்து, கண்ணில் தண்ணீரோடு, "அறிக்கை செய்யாத பாவம் ஏதும் உண்டாம்மா?" என்று கேட்டுவிட்டுப் போனார். இருக்கிற பாவம், இல்லாத பாவம் எல்லாவற்றையும் தேடித் தேடி அறிக்கை செய்தேன். இருமல் கேட்கவில்லை.

என் சாட்சி சாகக்கூடாது என்பதற்காக நான் சாகத் தயாரானேன். இதைவிடக் கிறுக்குத்தனம் எங்கள் சனங்களைத் தவிர வேறு யாருக்கு வரும்?

எட்டாவது நாள் மத்தியானம். செல்லையா கடைக்குப் போயிருந்தார். அடுப்படித் தரையில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தேன். மண்ணெண்ணெய் வாடை. குழாயில் தண்ணீர் வராத நேரம். முழங்கால் போட உடம்பில் தெம்பில்லை. உட்கார்ந்தபடியே ஆரம்பித்தேன். அது ஜெபம் மாதிரி இல்லை. சண்டை.

"ஒம்ம பேரைக் காப்பாத்த நான் சாகணுமாய்யா? அம்புட்டு நோஞ்சானா ஒம்ம பேரு? நான் ஆஸ்பத்திரிக்குப் போனா ஒமக்கு அவமானமாம். சொல்றாக. சரி, அந்த அவமானத்தை நீரே சொமந்துக்கிரும். ஒமக்கென்ன, அது புதுசா? எனக்கு அற்புதம் வேணாம். திரும்ப அங்க போய் நிக்க எனக்கு மொகம் இல்ல. தரதரன்னு இழுத்துட்டுப் போக ஒரு ஆளை அனுப்பும். இன்னைக்கே அனுப்பும். நாளைக்குன்னா நான் இருக்க மாட்டேன்."

ஆமென் சொல்லவில்லை. கோபம் தீரவில்லை.

அரைமணி நேரம் இருக்கும். கதவு தட்டும் சத்தம். எனக்கு அந்தத் தட்டு தெரியும். பேச்சியம்மாள். மருந்தை நிறுத்தியவர்களைத் தேடிக்கொண்டு கையில் அட்டைகளோடும் குடையோடும் தெருத்தெருவாக அலையும் ஆஸ்பத்திரி ஊழியர். அதற்கு முன் நாலு தடவை வந்திருக்கிறார். நாலு தடவையும் உள்ளே தாழ்ப்பாள் போட்டுவிட்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு, போகும்வரை கதவுக்குப் பின்னால் நின்றிருக்கிறேன்.

அன்றைக்கு எழுந்து திறந்தேன்.

குடையை மடக்காமலே கேட்டார்: "உள்ளதேன் இருக்கியா? ஒவ்வொரு தடவையும் வெளிய பூட்டு இல்ல, உள்ள ஆள் இல்ல. என்ன பேய் வீடா இது? மாத்திரை என்னாச்சு?"

"சாமிகிட்டக் குடுத்துட்டேன்."

"ஏன், ஒங்க சாமிக்கும் காசமா?"

நான் சிரித்துவிட்டேன். எத்தனை நாளைக்குப் பிறகோ. சிரிப்பு இருமலானது, இருமல் ரத்தமானது. அவர் குடையைக் கீழே போட்டுவிட்டு என் தலையைப் பிடித்துக்கொண்டார்.

"சிரிக்காத, சிரிக்காத. மாரியாத்தாவுக்குக் கூழு ஊத்திட்டு நிப்பாட்டுறவுக இருக்காக, தாயத்துக் கட்டிக்கிட்டு நிப்பாட்டுறவுக இருக்காக, இப்ப நீ. எல்லாச் சாமியும் சேந்து எனக்குத்தேன் வேலை வைக்குது. சேலைய மாத்து. போவோம்."

நான் தயங்கினேன். அவர் என் கையைப் பிடித்தார். இழுத்தார். தரதரவென்று. ஒரு எழுத்து குறையாமல் நான் கேட்ட மாதிரியே.

ரொம்ப நாள் கழித்து அவரிடம் கேட்டேன்: ஏன் அன்றைக்கு வந்தீர்கள்? "கடைசி தடவை தட்டிப் பாப்போம்னு வந்தேன் ஆத்தா. அன்னைக்கும் தெறக்கலேன்னா அட்டையில ஒம் பேர அடிச்சிருப்பேன்" என்றார் வெற்றிலையை மென்றபடி.

அன்பானவர்களே, அரைமணி நேரத்தில் பதில் வந்தது என்று சொன்னால் உங்களுக்குச் சிலிர்க்கும். ஆனால் நான் கேட்பதற்கு முன்பே நாலு முறை பதில் என் வாசலுக்கு வந்து போயிருக்கிறது. நெற்றியில் குங்குமமும் வாயில் வெற்றிலையுமாக வந்ததால் எனக்கு அடையாளம் தெரியவில்லை. தாழ்ப்பாள் போட்டவள் நான்.

இரண்டாவது வைத்தியம் லேசாக இல்லை. நிறுத்திவிட்டுத் தொடங்குகிறவர்களுக்குப் பழைய மாத்திரை சரியாகக் கேட்காதாம். வேறு மாத்திரை, வயிற்றைப் புரட்டும். ஊசி மறுபடியும் மாதக்கணக்கில். அந்த ஊசி என் இடது காதைப் பாதி வாங்கிக்கொண்டது; ஓயாமல் ரீங்கரிக்கும் ஒரு வண்டு அதில் குடியேறி இன்றுவரை வாடகை கொடுக்காமல் இருக்கிறது. ஏன் இப்படி என்று கர்த்தரிடம் கேட்டிருக்கிறேன். அதற்கு இன்னும் பதில் வரவில்லை. வரும்வரை கேட்பேன்.

ஒரு காலையில் மாத்திரைகளை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு, விழுங்கப் பிடிக்காமல் உட்கார்ந்திருந்தேன். செல்லையா சொன்னார்: "சோத்துக்கு முன்னால கண்ண மூடி ஸ்தோத்திரம் சொல்றீகள்ல, இதுக்கும் சொல்லேன்."

அவருக்குத்தான் விசுவாசம் பத்தாது என்று நான் சொன்னது.

கண்ணை மூடினேன். இந்த மாத்திரைக்காக ஸ்தோத்திரம். இதைக் கண்டுபிடித்தவனுக்காக. அட்டையைத் தூக்கிக்கொண்டு வெயிலில் அலைகிறவளுக்காக. இன்றைக்கு ஒரு நாளுக்காக. அன்று முதல் ஒரு நாளும் அந்த ஜெபம் இல்லாமல் மருந்து என் தொண்டையில் இறங்கியதில்லை. வெள்ளிப் படிக்கட்டில் ஏறி மேகத்துக்குள் போவது விசுவாசம் என்று நினைத்திருந்தேன். அது தினம் காலையில் தம்ளரைக் கழுவித் தண்ணீர் பிடிப்பது.

எண்பதாம் வருடம், புரட்டாசி. சளியைச் சோதித்துவிட்டு டாக்டர் சொன்னார்: "சுத்தமா இருக்கு. போய் வேலையப் பாருங்கம்மா." ஆஸ்பத்திரி வேப்பமரத்தடியில் செல்லையாவும் நானும் ஆளுக்கொரு பக்கம் திரும்பிக்கொண்டு அழுதோம்.

எனக்கு இன்னொரு வேலை பாக்கி இருந்தது. அந்தச் சனிக்கிழமை மூன்று மணிக்கு மச்சேறினேன். செல்லையாவும் வந்தார். சாட்சி நேரத்தில் நான் எழுந்ததும் முகங்கள் மலர்ந்தன.

"ரெண்டு வருசத்துக்கு முன்னால இதே எடத்துல நின்னு நான் சொன்ன சாட்சி பொய்" என்றேன்.

ஆசீர் அண்ணன் அவசரமாக ஒரு பாட்டை எடுத்தார். நாலைந்து பேர் சேர்ந்துகொண்டார்கள்.

"பாட்டு அப்புறம் பாடலாம்ணே. நான் முடிச்சுக்கிறேன்."

பின்வரிசையிலிருந்து ஒரு குரல்: "பிசாசு பேச வைக்குது!"

"பிசாசா இருந்தா மாத்திரைய நிப்பாட்டத்தான சொல்லும்? இது போடச் சொல்லுது" என்றேன். யாரோ ஒரு தாய் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

எல்லாவற்றையும் சொன்னேன். இந்த முறை அழகாகப் பேசவில்லை. கட்டிப் பிடித்த கைகளுக்காகப் பேசியதைச் சொன்னேன். கர்த்தர் என்னைச் சுகமாக்கினார், ஊசியாலும் மாத்திரையாலும் பேச்சியம்மாளாலும் சுகமாக்கினார், இதில் எதையும் கழிக்க யாருக்கும் உரிமை இல்லை என்றேன். யாரும் ஸ்தோத்திரம் சொல்லவில்லை. உட்கார்ந்தேன். ஆனால் நெஞ்சு, எத்தனையோ நாளைக்குப் பிறகு, முழு மூச்சு இழுத்தது.

இதை வாசிக்கிற சகோதரியே, சகோதரனே, உனக்கும் சொல்கிறேன். அவரோடு சண்டை போடு. தாங்குவார். அவர் பேரைக் காப்பாற்ற நீ பொய் சொல்லத் தேவையில்லை. அதைக் காப்பாற்ற அவருக்குத் தெரியும். மருந்தைக் கையில் வைத்துக்கொண்டே அவரை நம்பு. நான் நம்பினேன். எட்டு வருடமாக மூச்சு விட்டுக்கொண்டிருக்கிறேன். ஒவ்வொரு மூச்சுக்கும் அவருக்கு நன்றி.

அன்றைக்குக் கூட்டம் கலைந்தது. என்னோடு யாரும் பேசாமல் இறங்கிப் போனார்கள். நாங்களும் கீழே வந்து தெருவில் கால் வைத்தோம். "சாராளு, நில்லும்மா" என்று குரல். ஆசீர் அண்ணன் கைப்பிடியைப் பிடித்து ஒவ்வொரு படியாக இறங்கி வந்தார். திட்டப் போகிறார் என்று நினைத்து, நானும் வார்த்தையைத் தயாராக வைத்திருந்தேன்.

அவர் அக்கம்பக்கம் பார்த்துவிட்டு, வேட்டியின் கரையைக் கொஞ்சம் தூக்கினார். குதிகாலில் துணிக்கட்டு. மஞ்சளாக ஊறியிருந்தது.

"சக்கரைம்மா. ரெண்டு மாசமா ஆறல" என்றார். "அந்த முக்காலியில மொத மொத மாத்திரைய வச்சவனே நான்தேன். இம்புட்டு வருசமா சாட்சி சொல்லிட்டு, இப்ப எந்த மொகத்தோட..." ஐம்பத்தைந்து வயது மனிதர் பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி தரையைப் பார்த்தார்.

நான் தயாராக வைத்திருந்த வார்த்தை எல்லாம் எங்கே போனதோ. செல்லையா குனிந்து அந்தக் கட்டைப் பார்த்தார். நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

"நாளைக்கு ஞாயித்துக்கிழமை. திங்கக்கிழமை காலம்பற இவரு ரிக்‌ஷா கூட்டிட்டு வருவாரு, கூட நானும் வாரேன்" என்றேன்.

"சனங்க கேட்டா என்னம்மா சொல்ல?"

"கேக்குறவுககிட்ட நான் சொல்லிக்கிறேன்ணே. நீங்க அதுவரைக்கும் செருப்பில்லாம நடக்காதீக."