நிறைய ரத்தம்

எழுபதுகளின் கடைசியில் எனக்கு மலேசியாவின் கேமரன் மலைக்கு மாற்றல் வந்தது. மருத்துவமனையில் ரத்தம் சோதிக்கும் வேலை. மருந்து கொடுப்பதோ ஊசி போடுவதோ என் பொறுப்பில்லை. ஆனாலும் வெள்ளை உடுப்பைப் பார்த்துத் தேயிலைத் தோட்டத்து மக்கள் நர்சுகளைக் கூப்பிடுவதுபோல என்னையும் மிஸ்ஸி என்றுதான் கூப்பிட்டார்கள்.

முடி போன்ற கண்ணாடிக் குழாயில் ரத்தத்தை ஏற்றி எந்திரத்தில் சுழற்றினால் சிவப்பணுக்கள் அடியில் படியும். அந்தச் சிவப்பு எவ்வளவு உயரம் நிற்கிறது என்று அளந்து எழுதுவேன். கொழுந்து பறிக்கும் பெண்கள் பலருக்கு அது குழாயில் மூன்றில் ஒரு பங்கைக்கூடத் தொடாது. "ரத்தம் பத்தலக்கா" என்று சொல்லிச் சொல்லி எனக்கே அலுத்திருந்தது.

ஒருநாள் காலையில் ஒரு கணவனும் மனைவியும் தோட்டத்து லோரியில் வந்து இறங்கினார்கள். கணவனுக்கு நாற்பத்தைந்து வயதிருக்கும். தேயிலை ஆலையின் சல்லடை அறையில் வேலை. காய்ந்த தேயிலையைச் சலித்துத் தரம் பிரிக்கும் அந்த அறையில் தூசி புகைபோல் நிற்கும். போதாததற்கு அவருக்குச் சிகரெட் பழக்கமும் உண்டு. வாசலிலிருந்து என் மேசைக்கு வருவதற்குள் இரண்டு முறை நின்று மூச்சு வாங்கினார். உதடுகள் நீலம் பாரித்திருந்தன.

விரலைக் குத்தினேன். ரத்தம் கருமையாக, மெதுவாக வந்தது. சுழற்றி எடுத்தபோது குழாயில் மூன்றில் இரண்டு பங்கு சிவப்பாக இருந்தது.

அதன் அர்த்தம் எனக்குத் தெரியும். பயிற்சியில் படித்திருந்தேன். நுரையீரல் கெட்டுப்போய்க் காற்று பற்றாமல் போகும்போது, உடம்பு அதை ஈடுகட்ட ரத்தத்தைக் கூட்டிக்கொண்டே போகும். இவரைப் போன்றவர்களுக்குச் சிவப்பு இவ்வளவு ஏறினால் நோய் முற்றிவிட்டது என்று பொருள்.

"ரத்தம் எப்படி இருக்கு மிஸ்ஸி?" என்று அந்த அக்கா கேட்டார். "எனக்குத்தான் எப்பவும் இல்ல இல்லங்கிறாங்க. இவருக்காச்சும் இருக்கா?"

மருத்துவர் அன்று பிரசவ அறையில் இருந்தார். 'டாக்டர் சொல்வாரு' என்று நிறுத்தியிருக்கலாம். அதுதான் விதியும்கூட. அந்த முகத்தைப் பார்த்து எனக்கு அது வரவில்லை.

"நெறய இருக்குக்கா. நம்ம ரெண்டு பேருதையும் சேர்த்தாலும் இவ்ளோ வராது."

அந்த அக்கா சிரித்துவிட்டார். கணவனின் தோளில் தட்டி, "கேட்டீங்களா? சும்மா பயந்து சாவுறீங்க லா!" என்றார். அந்த மனிதரும் சிரிக்கப் பார்த்தார். இருமல்தான் வந்தது.

"வியாழக்கிழமை டாக்டரப் பாக்க வந்துருங்க."

"வரோம், வரோம்."

வரவில்லை. ரத்தம் நன்றாக இருக்கும் மனிதனுக்கு ஒருநாள் சம்பளத்தை விட்டுவிட்டு டாக்டர் எதற்கு? தோட்டத்து மருந்தகத்துக்கு ஒரு போன் போட்டிருந்தால் போதும். போன் எனக்கு எட்டும் தூரத்தில்தான் இருந்தது. நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளிப்போட்டேன். பிறகு மறந்தேன்.

மூன்று மாதம் கழித்து அவரைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். கால்கள் இரண்டும் வீங்கியிருந்தன, படுக்கவே முடியவில்லை. மருத்துவர் என் பழைய சீட்டைப் பார்த்துவிட்டு, "இந்த ஆளு அப்பவே ஏன் வரல?" என்று கேட்டார்.

"தெரியல டாக்டர்."

ரத்தம் கெட்டியாகிவிட்டதால் கையிலிருந்து கொஞ்சம் எடுத்துக் கொட்டச் சொன்னார். அதைப் பார்த்த அந்த அக்கா ஆய்வறைக்கு ஓடிவந்தார்.

"ரத்தத்த எடுத்துக் கீழ ஊத்துறாங்க மிஸ்ஸி! நல்லா இருக்குன்னு நீங்கதானே சொன்னீங்க?"

உட்கார வைத்து விளக்கினேன். ரத்தம் கூடுவதே நோய் முற்றியதற்கு அடையாளம் என்று சொன்னபோது, அவர் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்ப அன்னிக்கே..."

"அன்னிக்கு எனக்கும் தெரியாதுக்கா," என்றேன்.

அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். "நீங்க என்னம்மா பண்ணுவீங்க, சின்னப் புள்ள" என்று எனக்கே ஆறுதல் சொன்னார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

ரத்தம் எடுத்த பிறகு இரண்டு நாள் அந்த மனிதருக்குத் தலைப்பாரம் குறைந்தது. சோதிக்கப் போகும்போதெல்லாம், "இன்னிக்கு எறங்கியிருக்கா மிஸ்ஸி?" என்று கேட்பார். உள்ளதை அப்படியே சொன்னேன். அப்போது உண்மையைச் சொல்லி யாருக்கும் எதுவும் ஆகப்போவதில்லை. மூன்றாவது வாரம், மழை பிடித்த ஒரு மத்தியானத்தில், ஆக்சிஜன் முகமூடியோடு உட்கார்ந்தபடியே இறந்துபோனார்.

அவருடைய துணிகளை வாங்கிப்போக வந்த அன்று அந்த அக்கா என்னிடமும் வந்தார். பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

"அந்த வியாழக்கிழமையே கூட்டியாந்திருந்தா பொழச்சிருப்பாரா மிஸ்ஸி?"

கெட்ட நுரையீரல் திரும்பாது என்று மருத்துவர் சொல்லியிருந்தார். சல்லடை அறையை விட்டு வந்திருந்தால் இரண்டு வருடமாவது இருந்திருப்பார் என்றும் அவரே சொன்னார். இரண்டில் எதைச் சொல்வது?

"தெரியலக்கா."

அவர் தலையை ஆட்டிவிட்டு எழுந்தார். லோரி ஹாரன் அடித்தது. குழாய்களைக் கழுவ உட்கார்ந்தேன்.