சுருள்வில்லும் ஒரு புகார்க் கடிதமும்

எண்பத்திரண்டில் திருச்சியில் இன்ஜினியரிங் கடைசி வருடம் படித்தேன். ஸ்ரீரங்கத்தில் அறை. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அதனாலோ என்னவோ, நான் போட்ட கணக்கு தப்பாது என்று எனக்கு ஒரு நினைப்பு.

ப்ராஜெக்டுக்காக ஒரு சுருள்வில்லை, அதாவது ஸ்பிரிங்கை, கம்ப்யூட்டரில் வரைய வேண்டும். திரையெல்லாம் கிடையாது. பிரிண்டர் வரிக்கு ஒரு குறி அடிக்கும். கோணத்தின் கோசைன் அந்தக் குறி இடமா வலமா என்று சொல்லும். சைன், கம்பி முன்னால் இருக்கிறதா பின்னால் இருக்கிறதா என்று சொல்லும். முன்னால் என்றால் நட்சத்திரம், பின்னால் என்றால் புள்ளி. வரிக்கு வரி உயரம் ஒரு படி கூடும். கோணத்தைப் பத்துப் பத்தாகக் கூட்டினேன். முப்பத்தாறு வரியில் ஒரு சுற்று. லாக் டேபிளை வைத்து அத்தனை வரிகளையும் கையால் போட்டுச் சரிபார்த்திருந்தேன்.

நாம் தாளில் எழுதிக் கொடுத்தால் ஆபரேட்டர் அதைக் கார்டுகளில் துளையிட்டுத் தருவார். மறுநாள் ரிசல்ட் வரும். வந்த தாளில் ஸ்பிரிங் இல்லை. கோலப்பொடியைத் தட்டிவிட்டது போல நட்சத்திரங்கள் சிதறிக் கிடந்தன.

ஆபரேட்டர் என்னைவிட நாலைந்து வயது மூத்த பெண். "தப்பா அடிச்சிருக்கீங்க" என்றேன்.

"நீங்க எழுதினதைத்தான் அடிச்சேன்."

திங்கட்கிழமை ரிவ்யூ. கோபத்தில் கம்ப்யூட்டர் அறையின் பொறுப்பாசிரியரிடம் புகார் எழுதிக் கொடுத்துவிட்டேன். அவர் படித்துவிட்டு, "டெம்பரரி போஸ்ட்தான். இந்த மாசத்தோட முடியுது, நீட்டிக்க வேண்டாம்னு எழுதிடறேன். எந்தக் கார்டு தப்புன்னு மட்டும் குறிச்சுக் குடு" என்றார்.

கார்டுக்கட்டை வாங்கிவந்து என் தாளோடு ஒத்துப் பார்த்தேன். ஒவ்வொரு கார்டின் மேல் விளிம்பிலும் எழுத்து அச்சாகியிருக்கும். இரண்டு தடவை பார்த்தேன். ஒரு கமாகூட மாறவில்லை.

கம்ப்யூட்டர் போடும் கோசைன் என்ன என்று அச்சடித்துப் பார்க்க ஒரு கார்டு கூடுதலாகத் தேவைப்பட்டது. அந்த ஆபரேட்டரிடமேதான் போக வேண்டும்.

"இதையும் தப்பா அடிச்சுட்டா யார்கிட்ட சொல்லுவீங்க?" என்றார். ஆனாலும் அடித்துக் கொடுத்தார்.

மறுநாள் தாளில், பத்துக்குக் கோசைன் மைனஸ் புள்ளி எட்டு நான்கு. டேபிளில் புள்ளி ஒன்பது எட்டு. அப்போதுதான் உறைத்தது: கம்ப்யூட்டர் கோணத்தை ரேடியனில்தான் எடுத்துக்கொள்ளும். என் பத்து டிகிரியை அது பத்து ரேடியனாக, ஒன்றரைச் சுற்றுக்கும் மேலாக எடுத்திருந்தது. வகுப்பில் சொன்னதுதான். டேபிளிலேயே பழகிய எனக்கு டிகிரியைத் தவிர வேறு கோண அளவு இருப்பது மறந்தே போயிருந்தது.

தவறு என்னுடையது என்று இன்னொரு கடிதம் எழுதி எடுத்துப்போனேன். "இதை ஃபைல்ல வெச்சா உனக்கு மார்க் குறையும்ப்பா, பரவாயில்லையா?" என்றார் ஆசிரியர். வைக்கச் சொன்னேன். குறைந்தது.

ஆபரேட்டரிடம் மன்னிப்புக் கேட்டேன். "அது இருக்கட்டுங்க. அந்த லெட்டரைக் கார்பன் வெச்சு எழுதினீங்களா? எனக்கு ஒரு காப்பி வேணும்" என்றார். வைத்திருக்கவில்லை. அவர் மேஜையருகே நின்றபடியே முழுக் கடிதத்தையும் மறுபடி எழுதிக் கொடுத்தேன். அவர் ஒவ்வொரு வரியாகப் படித்துப் பார்த்துவிட்டு, மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டார்.

அவருக்கு மூன்று மாதம் நீட்டிப்புக் கிடைத்தது என்று பிறகு கேள்விப்பட்டேன். நான் கோபத்தில் எழுதிய ஒரு பக்கத்தில் இன்னொருவரின் வேலை போயிருக்கும் என்பது, வேலைக்கு வந்து இத்தனை வருடம் ஆன பிறகும் யாரைப் பற்றியாவது குறை எழுதப் பேனாவைத் திறக்கும்போதெல்லாம் என் கையை நிறுத்துகிறது.