இரண்டு கேமரா சுமந்த மெஹர் லாத்தா

செய்தி காலையில் வந்தது. ஒரத்தநாட்டில் மகள் வீட்டுக் கிணற்றடியில் முகம் கழுவிக்கொண்டிருந்தேன். மகள் போனைக் கொண்டுவந்து நீட்டினாள். மறுமுனையில் மெஹர் லாத்தாவின் மகன் அன்சாரி.

"மாமா, அம்மா மவுத்தாயிட்டாங்க. சுபுஹு தொழுகைக்கு எழுப்பப் போனேன், எந்திரிக்கல. முகத்துல ஒரு சுளிப்புகூட இல்ல மாமா. தூங்குறாப்பல இருக்காங்க."

ஈரத் துண்டோடு அப்படியே துவைகல்லில் உட்கார்ந்துவிட்டேன். ஓராண்டாக அவர் மூச்சுக்குப் பட்ட பாட்டைப் பார்த்தவன் நான். தலையணைகளை அடுக்கிச் சாய்ந்துகொண்டுதான் தூங்குவார். கடைசி நேரம் எப்படி இருக்குமோ என்று எல்லோரும் பயந்திருந்தோம். அது இப்படி முடிந்தது என்று கேட்டதும் முதலில் வந்தது நிம்மதிதான். அழுகை பிறகு, திருவாரூர் பஸ்ஸில் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்ததும் வந்தது.

அவரை அறிந்த உங்களுக்கு அதிகம் சொல்ல வேண்டியதில்லை. திருவாரூரைச் சுற்றியுள்ள ஊர்களில் அந்தக் காலத்தில் நடந்த கல்யாணங்களின் ஆல்பத்தைப் புரட்டினால், பெண்கள் கூச்சமில்லாமல் சிரிக்கிற படங்கள் இருக்கும். அவற்றை எடுத்தவர் மெஹருன்னிசா. என்னைவிடச் சில வயதே மூத்தவர் என்றாலும் எனக்கும் ஊருக்கும் அவர் லாத்தாதான், அக்கா.

நான் அப்பா விட்டுப்போன ஸ்டுடியோவை நடத்திக்கொண்டிருந்தபோது ஒருநாள் தலையில் முக்காடும் கையில் ஒரு கேமராவுமாக வந்து நின்றார். கணவர் சிங்கப்பூரில் கடைவேலையில் இருந்தார். அவர் அனுப்பிய கேமரா அது. "எங்க கல்யாணங்கள்ல பொண்ணுங்க பக்கம் உங்க ஆளு யாரும் உள்ள வர முடியாது. வெளிநாட்டுல இருக்குற அத்தாமாருக்கு மகளோட கல்யாணக் கோலத்தப் பாக்க ஆசை இருக்காதா? நான் எடுக்குறேன், நீங்க கழுவிக் குடுங்க" என்றார். முதல் சுருள் முழுக்கப் புகை மூட்டமாக வந்தது. இரண்டாவதில் பாதி தேறியது. மூன்றாவதற்குப் பிறகு நான் அவர் சுருளைக் கழுவும்போது பயப்படுவதை விட்டுவிட்டேன். கொஞ்ச நாளில் எல்லாச் சாதிக் கல்யாணத்துக்கும் "அந்த பாய்வீட்டம்மா வருவாங்களா?" என்று கேட்டு வரத் தொடங்கினார்கள்.

தொல்லை இரண்டாவது கேமராவோடு வந்தது. அப்போது கலர் ஃபிலிம் விலை அதிகம். கல்யாணம் முழுவதையும் கறுப்பு வெள்ளையில் எடுத்து, தாலி கட்டும்போதும் மாலை மாற்றும்போதும் மட்டும் கலரில் எடுப்போம். நடுவில் ஃபிலிமைக் கழற்றி மாட்ட முடியாது என்பதால் இரண்டு கேமரா வேண்டும். ஒன்று செங்கல் போலக் கனக்கும் பெட்டிக் கேமரா. இன்னொன்று பெரிய லென்ஸும் ஃபிளாஷும் பூட்டியது. இரண்டையும் கழுத்தில் மாட்டிக்கொண்டு அவர் பந்தலில் நடந்தால் ஒன்றோடொன்று மோதிக் கடகடவென்று சத்தம் வரும். மூன்று நான்கு முகூர்த்த காலம் இப்படிப் போயிற்று. பிறகு வலது கை விரல்கள் மரத்துப்போயின. தலை பின்னக்கூடக் கையைத் தூக்க முடியவில்லை.

டாக்டர் பார்த்துவிட்டு, "ஒரு கேமராவ விட்டுடுங்கம்மா. இல்லன்னா கைய விடவேண்டி வரும்" என்றார்.

வெளியே வந்ததும் லாத்தா என்னிடம், "எந்தக் கேமராவ விடுறது தம்பி? கலர விட்டா காசிருக்கவங்க வரமாட்டாங்க. கறுப்பு வெள்ளைய விட்டா காசில்லாதவங்க வரமாட்டாங்க" என்றார். அவர் கண் கலங்கி நான் பார்த்தது அன்றைக்குத்தான். பிடித்த வேலை கைவிட்டுப் போய்விடும் என்ற பயம் அது.

வழி ஒரு கல்யாண வீட்டில் கிடைத்தது. ஊர்வலம் முடிந்து வந்த தவில்காரர் வாத்தியத்தை இறக்கிவைத்துவிட்டுக் காபி குடித்துக்கொண்டிருந்தார். லாத்தா நேராக அவரிடம் போய், "அண்ணே, இம்புட்டு கனத்த மாட்டிக்கிட்டு எப்படிங்க ஊரச் சுத்தி வர்றீங்க? தோள் வலிக்காதா?" என்று கேட்டார்.

"கயித்துல மாட்டுனா அறுக்கும்மா. பட்டை அகலமா இருக்கணும். பாரம் உடம்போட ஒட்டி இருக்கணும், ஆடக்கூடாது. ஆடுறதுதான் வலி" என்றார் அவர்.

மறுநாளே லாத்தா வீட்டு நாடாக் கட்டில் ஒன்று நாடாவை இழந்தது. குடையும் பையும் தைக்கிறவரிடம் அந்த நாடாவைக் கொடுத்து, இரட்டையாக மடித்துத் தைக்கச் சொன்னார். இரண்டு தோளிலும் ஏறி முதுகில் குறுக்காகப் போய் இடுப்புப் பட்டையில் சேரும் வார் அது. தோளில் படும் இடத்தில் பழைய போர்வையை மடித்து வைத்துத் தைத்திருந்தது. வலப்பக்கம் ஒரு கொக்கி, இடப்பக்கம் ஒரு கொக்கி. பக்கத்துக்கு ஒன்றாக இடுப்போரம் கேமராக்கள் தொங்கும். வேண்டியதைத் தூக்கினால் வாரிலேயே வழுக்கிக் கண்ணுக்கு வரும். மற்றது இருந்த இடத்தில் இருக்கும். குனிந்தால் முன்னால் சரியாதபடி இடுப்புப் பட்டையோடு சின்னதாக ஒரு கட்டு. முந்தானையும் முக்காடும்கூட அந்த வாருக்குள் அடங்கிக்கொண்டன.

அதை மாட்டிக்கொண்டு போன முதல் கல்யாணமே மானத்தை வாங்கியது. குனிந்து பெண்ணின் மருதாணிக் கையைப் படமெடுத்துவிட்டு லாத்தா நிமிர்ந்தபோது, கொக்கி பெண்ணின் பூச்சடையில் மாட்டிக்கொண்டது. இவர் நகர, பெண்ணும் கூடவே எழுந்தாள். பெண்ணின் அத்தை, "நீ படம் எடுக்க வந்தியா, எங்க பொண்ண இழுத்துக்கிட்டுப் போக வந்தியா?" என்று கத்த, மணவறையே சிரித்தது. அன்றே கொக்கிக்குத் துணி உறை தைத்தாயிற்று. அடுத்த மாதம் ஸ்டுடியோவுக்கு வந்து என் முன்னால் வலது கையை உச்சிவரை தூக்கிக் காட்டினார். "பாருங்க தம்பி, நானே பின்னிக்கிட்டேன்" என்று பின்னலையும் திருப்பிக் காட்டினார்.

அந்த வார் வேறு விதத்திலும் பயன்பட்ட ஒரு நாளை நான் சொல்லியாக வேண்டும். உங்களில் சிலருக்கு இது தெரியாது.

கழக ஆட்சி வந்து, சுயமரியாதைக் கல்யாணத்துக்குச் சட்டம் வந்திருந்த காலம். கூலிக்கும் குத்தகைக்கும் ஊருக்கு ஊர் தகராறு. அறுப்புக் காலம் வந்தாலே எந்த ஊரில் என்ன நடக்குமோ என்று நெஞ்சு அடித்துக்கொள்ளும். அப்படி ஒரு தை மாதத்தில், வாய்க்காலோரக் கிராமம் ஒன்றில் ஒரு குத்தகைக்காரர் வீட்டுக் கல்யாணம். ஐயர் இல்லை, மேடையில் தலைவர் ஒருவர் பேசி மாலை எடுத்துக் கொடுத்தார். லாத்தா படமெடுக்க, நான் ஃபிளாஷுக்கு பேட்டரி மாற்றிக்கொண்டிருந்தேன். இலை போடும் நேரத்தில் ஒருவர் மூச்சிரைக்க ஓடிவந்தார்.

"வெளியூர் ஆளக் கொண்டாந்து நம்ம வயல்ல அறுக்குறாங்க!"

ஊரே பந்தலில் இருக்கும் என்று தெரிந்து நிலக்காரர் தரப்பு தேர்ந்தெடுத்த நாள் அது. மாப்பிள்ளையின் தாய் அஞ்சலை, பட்டுப் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு முதலில் ஓடினார். பின்னாலேயே எல்லோரும். தலைவர் ஜீப்பில் போலீஸ் நிலையத்துக்குப் பறந்தார்.

"நீங்க போகாதீங்க லாத்தா" என்றேன்.

"அந்தம்மா தனியா ஓடுது பாருங்க" என்றவர் அதற்குள் வரப்பில் இறங்கிவிட்டார். நானும் பின்னாலேயே ஓடினேன்.

முற்றிய சம்பாக் கதிரில் பாதி சாய்ந்து கிடந்தது. ஒரு பக்கம் கழியோடு ஆட்கள், இன்னொரு பக்கம் நம் ஆட்கள். நடுவில் பெண்கள் கதிர் மேல் உட்கார்ந்து, "எங்கள அறுத்துட்டு அப்புறம் நெல்ல அறு" என்று சத்தம் போட்டார்கள். லாத்தா வரப்பில் நின்று எடுத்துக்கொண்டே இருந்தார். யாரோ, "பத்திரிகைக்காரங்க வந்துட்டாங்கடா" என்றதும் கழிகள் கொஞ்சம் தாழ்ந்தன. நிலக்காரரின் காரியஸ்தர் வேகமாக வந்தார்.

"யாரும்மா நீ? கேமராவக் கழட்டு."

"கழட்ட வராதுங்க. உடம்போட சேத்துத் தச்சிருக்கு."

அவர் கை நீட்டிவிட்டு அப்படியே நின்றார். கழுத்தில் தொங்கியிருந்தால் ஒரே இழுப்பில் பறித்திருப்பார். இப்போது பறிக்க வேண்டுமென்றால் ஒரு பெண்ணின் தோளிலும் இடுப்பிலும் கை வைக்க வேண்டும். இரண்டு தரப்பும் பார்த்துக்கொண்டிருந்தது. "தொட்டுப் பாருங்க" என்றார் லாத்தா, குரல் உயர்த்தாமல். காரியஸ்தர் கையை இறக்கிக்கொண்டார்.

எல்லாம் அடங்கிவிடும் என்று தோன்றிய அந்த நேரத்தில் எங்கிருந்தோ ஒரு கழி வீசப்பட்டது. யாருக்கு வீசியதோ, அஞ்சலையின் தலையில் விழுந்தது. அவர் வரப்பிலிருந்து சரிந்தார். நம் ஆட்கள் அரிவாளோடு பாய, மாப்பிள்ளையின் தகப்பனார் இரண்டு கையையும் விரித்து அவர்களைத் தடுத்து நின்றார். "யாரும் கை வைக்காதீங்க! முதல்ல அவளத் தூக்குங்க!"

பக்கத்தில் இருந்தது நாங்கள் இருவரும்தான். லாத்தா கேமராக்களை இரண்டு பக்கமும் இடுப்பில் கட்டிவிட்டு, அஞ்சலையின் தோளைத் தாங்கிக்கொண்டார். நான் காலைப் பிடித்தேன். ரோட்டுக்குப் போக வாய்க்காலைக் கடக்க வேண்டும். பாலம் என்று இருந்தது குறுக்கே போட்ட ஒரு தென்னை மரம். அவர் பின்னோக்கி நடந்தார். கண் அஞ்சலையின் முகத்தை விட்டு அகலவில்லை. "கண்ணத் தொறந்து பாருங்க, மருமக வந்திருக்கா வீட்டுக்கு, கண்ணத் தொறங்க" என்று சொல்லிக்கொண்டே வந்தார். கேமராக்கள் ஆடவில்லை. ஆடியிருந்தால் மூன்று பேரும் தண்ணீரில்தான். எதிரே போலீஸோடு வந்த ஜீப்பிலேயே அஞ்சலையை ஏற்றினோம்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் பெண்ணும் மாப்பிள்ளையும் மாலையோடு நின்றார்கள். தையல் போட்டுவிட்டு வெளியே வந்த டாக்டர், "பயமில்ல. பேசுறாங்க. மருமக சாப்பிட்டாளான்னு கேக்குறாங்க" என்றார். அத்தனை பேரும் ஒரே நேரத்தில் அழுதார்கள், சிரித்தார்கள். லாத்தா வார்ப் பட்டையைத் தளர்த்திக்கொண்டு சுவரோரம் உட்கார்ந்தார்.

தாசில்தார் முன்னால் பேச்சுவார்த்தை நடந்தபோது, கழியோடு யாரும் வரவே இல்லை என்று காரியஸ்தர் சாதித்தார். நான் கழுவிப் போட்ட படங்களை மேசையில் வரிசையாக வைத்தார்கள். ஒவ்வொரு படத்திலும் கழி தெரிந்தது, பிடித்திருந்த முகமும் தெரிந்தது. குத்தகைக்காரரே அறுப்பது, வழக்கமான பங்கை நிலக்காரருக்கு அளப்பது என்று முடிவாயிற்று. கோர்ட்டில் வழக்கு பின்னும் வெகுகாலம் இழுத்தது. ஆனால் நிலம் அவர்கள் கையை விட்டுப் போகவில்லை. எல்லாவற்றையும்விட, அன்று அந்த வயலில் ஒரு உயிரும் போகவில்லை. தலைக்கட்டோடு அஞ்சலையை நடுவில் உட்காரவைத்து, நின்றுபோன குரூப் போட்டோவை லாத்தா அந்த வார இறுதியில் எடுத்தார், கலரில்.

அன்சாரி சம்பாதிக்கத் தொடங்கிய பிறகும் அவர் வேலையை விடவில்லை. வீடியோ வந்து எல்லோரும் அந்தப் பக்கம் போனபின்தான் நிறுத்தினார். "நல்லா வேலை பாத்தாச்சு, தோளும் நல்லா இருக்கு, போதும்" என்றார். அதில் வருத்தம் எதுவும் இல்லை.

ஜனாஸா தொழுகை முடிந்து, அடக்கம் முடிந்து, வந்தவர்கள் கலைந்த பிறகு அன்சாரி என்னைத் தனியே அழைத்தான்.

"மாமா, உங்கள்ட்டதான் சொல்ல முடியும். அம்மா போயிட்டாங்கன்னு தெரிஞ்சதும் எனக்கு முதல்ல நிம்மதியா இருந்துச்சு. இனிமே அவங்க மூச்சுக்குத் தவிக்க மாட்டாங்கன்னு. பெத்த அம்மா போனதுக்கு இப்படித் தோணலாமா?"

எனக்கு என் மகள் பிறந்த நாள் நினைவு வந்தது. தாயும் பிள்ளையும் பிழைப்பது கஷ்டம் என்று சொல்லியிருந்தார்கள். இருவரும் பிழைத்த பின்னும் நான் அடுத்து என்ன ஆகுமோ என்று வராந்தாவில் நடந்துகொண்டிருந்தேன். லாத்தா என்னைப் பிடித்து உட்காரவைத்தார். "நல்லபடியா முடிஞ்சத நல்லபடியா முடிஞ்சதுன்னு வாயத் தொறந்து சொல்லணும் தம்பி. சொல்லலன்னா பயம் உள்ளயே தங்கிரும்" என்றார். சொல்லும்வரை விடவில்லை.

அதை அன்சாரியிடம் சொன்னேன்.  அவன் என் கையைப் பிடித்துக்கொண்டு, "நல்லபடியா முடிஞ்சுது மாமா" என்றான். சொன்ன பிறகுதான் அவனால் அழ முடிந்தது.

அவர் எடுத்த படங்கள் உங்கள் வீடுகளில் இருக்கின்றன. என்னிடம் நான் வைத்துக்கொண்டிருப்பது இந்த ஒரு வார்த்தை. மெஹர் லாத்தா, நல்லபடியாக முடிந்தது.