மரச்சீனி மெஷினும் அக்காளின் பெயரும்

இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களுக்கும், அக்காளிடம் துணி தைத்துக்கொண்ட அயல்வீட்டுக்காரர்களுக்கும் என் வணக்கம். அக்காள் மறைந்து இன்றோடு ஓராண்டு நிறைகிறது. அவரைப் பற்றி எழுதத் தகுதியுள்ளவன் தம்பியாகிய நான்தான் என்று எல்லோரும் சொன்னீர்கள். தகுதி இல்லாதவனும் நான்தான்.

அக்காள் வெள்ளறடையில் பிறந்தார். அப்பா ரப்பர் வெட்டப் போனவர். அவர் காலமானபோது நான் சிறுபிள்ளை. அக்காள் பள்ளிக்கூடத்தை விட்டுத் தையல் படித்தார். ஆரியங்கோட்டில் எங்களுக்கு வீடு கட்டியதும், என்னை ஆளாக்கியதும், அம்மாவைக் கடைசிவரை காப்பாற்றியதும் அந்தத் தையல்தான். கல்யாணம் கைகூடவில்லை. அதற்காக யாராவது உச்சுக்கொட்டினால் அக்காளுக்குப் பிடிக்காது. "எனக்கு இப்ப என்ன கொறச்சல்? வாய மூடிட்டு அளவு குடு" என்பார்.

மரச்சீனி என்கிற மரவள்ளிக்கிழங்கு பிடுங்கும் காலம் வந்தால் அவருக்குக் கஷ்டகாலம். கிழங்கைச் சீவி, வாட்டி, வெயிலில் காயவைத்து மழைக்காலத்துக்கு எடுத்துவைப்பது எங்கள் பக்கத்து வழக்கம். பெண்கள் கூடியிருந்து கத்தியால் சீவும்போது யாருக்காவது விரல் வெட்டுப்படும். அக்காளுக்கு வெட்டுப்பட்டால் தையல் நின்றுபோகும். ஒருமுறை கட்டுப்போட்ட விரலோடு தைத்ததில் ஒரு கல்யாணப்பெண்ணின் வெள்ளை ஜாக்கெட்டில் ரத்தம் பட்டுவிட்டது. அதை அலசி எடுத்துவிட்டு, அன்றைக்கே மூலையில் கிடந்த பழைய தையல் மெஷினின் கால்மிதியைக் கழற்ற உட்கார்ந்தார்.

காலால் மிதித்தால் வட்டத் தகடு சுற்றும். தகட்டில் கத்தி இருக்கும். கிழங்கைத் தகரக் குழாய்க்குள் போட்டால் தன் பாரத்திலேயே இறங்கி வில்லை வில்லையாக விழும். கை, கத்தியின் பக்கமே போக வேண்டாம். குழாயின் சரிவு ஒத்துவரும்வரை அக்காள் பாழாக்கிய கிழங்கையெல்லாம் நாங்கள் அவித்துத் தின்று தீர்த்தோம். இதில் என்னுடைய பங்கு, ஆணி வாங்கிவந்ததும், "இது ஓடாது" என்று சொன்னதும்தான்.

ஓடியது. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அமரவிளையில் ஒரு பட்டறைக்காரர் அதுபோலச் செய்து விற்க அனுமதி கேட்டார். வேறு யாரும் காப்பியடிக்கும் முன் பேட்டன்ட் எடுங்கள் என்று உறவுக்கார வக்கீல் ஒருவர் சொன்னார். சொன்னதோடு நில்லாமல் வீட்டுக்கே வந்து, "அப்ளிகேஷன் ஆருக்க பேருல போடணும்?" என்று கேட்டார்.

எங்கள் வீட்டில் எந்தக் காகிதமானாலும் ஆண்பிள்ளை பெயரில்தான். அக்காள் கட்டிய வீட்டுக்கு வரி என் பெயரில். கரண்டு கனெக்‌ஷனும் என் பெயரில். அக்காள் ஊசியில் நூல் கோத்தபடியே, "உனக்க பேரையே போடு மக்கா. ஆபீசு ஆபீசா ஏறி எறங்க எனக்கு நேரம் உண்டா? தைக்க எவ்வளவு கெடக்கு" என்றார். வக்கீல் எழுதினார். "உண்மையான, முதல் கண்டுபிடிப்பாளர்" என்று அதில் ஓர் இடம் இருந்தது. அதுவும் கரண்டு கனெக்‌ஷன் மாதிரிதான் என்று நினைத்துக் கையெழுத்துப் போட்டேன்.

பேட்டன்ட் கிடைத்ததும் வாசகசாலையில் எனக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். அன்று நான் போட்டிருந்த சட்டையை இஸ்திரி போட்டுத் தந்தவரும் அக்காள்தான். பெண்கள் பக்கத்து பெஞ்சிலிருந்து அவர்தான் எல்லோரையும்விட உரக்கக் கைதட்டினார். நான் மேடையில், "அக்காளின் ஆதரவோடு செய்தேன்" என்று பேசினேன். ஆதரவாம்! அந்தப் பொன்னாடையும் கைதட்டலும் எனக்குப் பிடித்திருந்தன. அதுதான் இன்றும் என்னைக் குடைகிறது.

ஊர்ப் பெண்கள் அதை "அக்காளுக்க மெஷின்" என்றுதான் சொன்னார்கள். உண்மை அவர்களுக்குத் தெரியும். வெளியூர் உறவினர்கள்தான் கல்யாண வீடுகளில் என்னை விஞ்ஞானி என்று அறிமுகம் செய்துவைத்தார்கள். நானும் சிரித்துக்கொண்டு நின்றேன்.

அக்காளுக்கு வயிற்றில் கட்டி என்று தெரிந்து திருவனந்தபுரத்தில் சேர்த்த பிறகுதான் எனக்குச் சுரணை வந்தது. பெயரை மாற்ற முடியுமா என்று வக்கீலிடம் ஓடினேன். "பேட்டன்ட் கெடைக்கதுக்கு முன்ன கேட்டிருக்கணும். இப்ப காலம் கழிஞ்சு போச்சு" என்றார். ஆஸ்பத்திரிக்குத் திரும்பி வந்து அக்காளின் கட்டிலருகே அழுதேன்.

"எலே, இதுக்கா இந்த வெயிலுல அலைஞ்ச?" என்று அக்காள் சிரித்தார். பிறகு, "காகிதத்தில ஆருக்க பேரு இருந்தா எனக்கென்ன? ஆனா அண்ணைக்கு மேடையில நீ எனக்க பேர ஒருக்கா சொல்லுவண்ணு நெனச்சேன்" என்றார்.

சில நாட்களில் அக்காள் போய்விட்டார்.

ஆஸ்பத்திரியில் மாறி மாறித் துணையிருந்த அயல்வீட்டுப் பெண்களுக்கும், கூப்பிட்ட போதெல்லாம் ஆட்டோ கொண்டுவந்த பையனுக்கும், இறுதிக் காரியங்களைத் தோள்கொடுத்து நடத்திய ஊராருக்கும் எங்கள் குடும்பம் என்றும் கடமைப்பட்டிருக்கிறது. அவர் தைக்க வாங்கிவைத்து முடியாமல் போன துணிகளைக் கோபிக்காமல் திரும்ப வாங்கிக்கொண்டவர்களுக்கும் நன்றி.

அட்டையில் படத்தின் கீழே பெயர் இருக்கிறது, கட்டுரையில் முறை சொல்லித்தான் எழுத வேண்டும் என்று பெரியவர்கள் சொன்னார்கள். மூத்தவரைப் பெயர் சொல்லி எனக்கும் பழக்கமில்லை. இந்த ஒருமுறை பொறுத்துக்கொள்ளுங்கள். அன்று மேடையில் சொல்லியிருக்க வேண்டியதை இங்கே சொல்கிறேன்:

மரச்சீனி சீவும் அந்த மெஷினின் உண்மையான, முதல் கண்டுபிடிப்பாளர் வசந்தகுமாரி.